ஊருக்குப் போகாத பெட்டி

பொறாமைப்படுகிற ஒருத்தி உண்மையைச் சொன்னால் அதை யார் நம்புவார்கள்?

சன்னிவேலில் கிருபாராணி இதைக் கேட்ட நாளில் எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போய்ப் படித்ததில் எங்கேயும் இதற்கு விடை இல்லை. ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

நாகர்கோவில் பக்கம் நெய்யூரில் பிறந்து, பி.காம். முடித்து, சாந்தகுமாருக்கு வாழ்க்கைப்பட்டு கலிபோர்னியாவுக்கு வந்தவள் கிருபாராணி. கணவனுக்கு சான்டா கிளாராவில் சாப்ட்வேர் வேலை. அவளுக்குக் கிடைத்த விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. மகள் ஜெபினா ஸ்கூலுக்குக் கிளம்பிப் போன பிறகு, எல் கமினோ ரியலுக்குப் பின்னால் இருந்த அந்த அபார்ட்மென்டில் அவளுக்குப் பேச்சுத்துணைக்கு ஃப்ரிட்ஜின் சத்தம் மட்டும்தான் இருந்தது. சும்மா உட்கார அவளுக்கு வரவில்லை. பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

முதலில் தங்கள் பெட்டி. பிறகு பக்கத்து வீட்டுப் பெட்டி. நாளடைவில் சன்னிவேலில் தமிழ்க் குடும்பம் எது ஊருக்குக் கிளம்பினாலும் முதல் போன் கிருபாராணிக்கு என்று ஆகிவிட்டது. எடை பார்க்கும் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு போவாள். ஷூவுக்குள் சென்ட் பாட்டில், சட்டை மடிப்புக்குள் பாதாம் பாக்கெட், துண்டுக்குள் சுற்றிய கண்ணாடிக் கிண்ணம் என்று ஓர் இண்டு இடுக்கு விடாமல் நிரப்புவாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெஷின் மேல் ஏறி நின்று பார்ப்பாள். அப்புறம் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தான் மட்டும் ஏறுவாள். அவள் எடை என்ன என்பது ஊருக்கே தெரியும். அதைப் பற்றி அவளுக்கு வெட்கமும் இல்லை.

இதைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிவிட்டுக் காத்திருப்பவர்கள் நினைத்தபோது ஊருக்குப் போக முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கும் கருவி, அண்ணன் மகனுக்குக் காமிரா, மாமனாருக்கு முட்டுவலித் தைலம் எல்லாமே போகிறவர்கள் பெட்டியில் ஒட்டிக்கொண்டுதான் போக வேண்டும். யார் எந்த வாரம் போகிறார்கள், யார் பெட்டியில் இடம் இருக்கிறது, யாரிடம் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள் என்பதெல்லாம் கிருபாராணிக்கு அத்துப்படி. சனிக்கிழமை சாயங்காலம் ஓர் அமெரிக்கச் சர்ச்சின் ஹாலை வாடகைக்கு எடுத்து, ஃபெலோஷிப் என்று தமிழ் ஜெபக்கூட்டம் நடத்துவார்கள். ஜெபம் முடிந்து சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கும்போது அவளைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். கையில் ஒரு பொட்டலத்தோடு, "ராணி அக்கா, கொஞ்சம்தான், வெயிட்டே இல்ல" என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு வாரம் முழுக்கச் சோறு.

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துத் தொடக்கத்தில் ரெனிஷா வந்தாள்.

மார்த்தாண்டம் பெண் என்றாள். கணவருக்கு டெக்சாஸில் ஒரு ப்ராஜெக்ட், முடிந்ததும் இங்கே வந்துவிடுவார் என்றாள். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. பொட்டில்லாத நெற்றி, காட்டன் புடவை, பாட்டு ஆரம்பித்தால் பின்வரிசையில் அரட்டை அடிப்பவர்களும் வாயை மூடிக்கொள்ளும் குரல். மார்த்தாண்டம் என்று கேட்டதுமே பாதிப் பேர் உருகிவிட்டார்கள். எந்தத் தெரு, எந்தச் சர்ச் என்று இரண்டு கேள்வி கேட்டார்கள். இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். நம் ஆட்கள் அதற்குமேல் எதையும் கேட்பதில்லை.

முதல் மாதத்திலேயே எல்லோர் வீட்டுப் பெரியவர்கள் பெயரும் அவளுக்கு மனப்பாடம். மாமனாருக்கு முந்திரி ஏற்றுமதி, அதனால் சில மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் வர வேண்டியிருக்கிறது என்றாள். "என் பெட்டி பாதி காலியாத்தான் போகுது. குடுங்க, பிள்ளையைக் கொண்டு போற மாதிரி கொண்டு போறேன்" என்று சொல்லி, பொட்டலத்தை வாங்கி இடுப்பில் குழந்தையைப் போல இடுக்கி வைத்துக்கொள்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். அதோடு விட மாட்டாள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் நம்பரை வாங்கி, தன் செலவில் காலிங் கார்டு போட்டு அவர்களிடம் பேசுவாள். அடுத்த வாரம் ஊரிலிருந்து போன் வரும். யாரும்மா அந்தப் பொண்ணு, என்ன அன்பு, என்ன மரியாதை என்று.

கிருபாராணியின் போன் மணி அடிப்பது குறைந்தது. பிறகு நின்றது. லைன் சரியாகத்தான் இருக்கிறதா என்று அவளே ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பாள். எடை மெஷின் குளியலறை மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. சனிக்கிழமைகளில் அவள் தட்டை எடுத்துக்கொண்டு ஓர் ஓரமாக நிற்பாள். எதிர்ப்பக்கம் ரெனிஷாவைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கக் கேட்க வாயில் இருக்கும் சோறு உள்ளே இறங்காது. ரெனிஷாவின் புடவை மடிப்பு, நடை, மற்றவர்கள் பேசும்போது தலையைச் சாய்த்துக் கேட்கும் விதம் ஒன்றையும் அவள் கண் விடவில்லை. அத்தனை பேரில் ரெனிஷாவை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் ரெனிஷாவை ரசித்தார்கள். கிருபாராணி அவளை வேவு பார்த்தாள்.

அதில்தான் ஒரு தப்புச் செய்தாள்.

கிருபாராணிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பலகாரம் முந்திரிக்கொத்து. வறுத்த சிறுபயறும் வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கிப் பொரித்து எடுப்பது. ஈஸ்டருக்கு அதை அவள்தான் கொண்டுவருவாள் என்பது எழுதாத சட்டம். அந்த ஈஸ்டருக்கு ரெனிஷாவும் கொண்டு வந்தாள். முதலில் காலியானது ரெனிஷாவின் தட்டு. கிருபாராணியின் டப்பாவில் பாதி மிச்சம். சாந்தகுமார்கூட ரெனிஷாவின் தட்டிலிருந்து இரண்டாவது தடவை எடுத்ததை அவள் பார்த்தாள். வயிறு பற்றி எரிந்தது. பக்கத்தில் நின்ற பெண்களிடம், அது வீட்டில் செய்ததே இல்லை, சான்டா கிளாராவில் ஒரு மளிகைக் கடையில் சொல்லி வைத்து வாங்கியது, தன் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டாள். அவள் எதையும் பார்க்கவில்லை. சொல்லி முடித்த பிறகு, ஒருவேளை பார்த்தோமோ என்று அவளுக்கே தோன்றியது.

பேச்சு ரெனிஷாவின் காதுக்குப் போனது. அவள் கோபப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை சர்ச் கிச்சனிலேயே அடுப்பைப் பற்றவைத்து, எல்லோர் முன்னாலும் பாகு காய்ச்சி, உருட்டி, பொரித்தாள். வெந்து வந்த முதல் கொத்தை எடுத்து ஊதி ஊதி ஆற்றி, "முதல்ல அக்காவுக்கு" என்று கிருபாராணியின் வாயருகே நீட்டினாள். வாங்கித் தின்பதைத் தவிர வேறு வழியில்லை. நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது ஃப்ரீவேயில் பின்சீட்டிலிருந்து ஜெபினா, "அம்மா, யூ ஆர் ஜஸ்ட் ஜெலஸ்" என்றாள். எட்டு வயதுப் பெண் சொல்லிவிட்டாள் என்றால் ஊர் சொல்லாமல் இருக்குமா. அதற்கு அப்புறம் ரெனிஷாவைப் பற்றி கிருபாராணி என்ன சொன்னாலும் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது.

கோடைக்காலத்தில் ரெனிஷா ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மூன்று வாரம் காணாமல் போனாள். பலர் சின்னச் சின்னப் பொருள்கள் கொடுத்து அனுப்பினார்கள். சாந்தகுமாரும் தன் அம்மாவுக்கு வைட்டமின் மாத்திரை கொடுத்தான், மனைவியிடம் சொல்லாமல். எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. மெட்ராஸில் இறங்கியதும் ஊர் ஊராக அலைய நேரமில்லாமல் அங்கிருந்தே கொரியரில் போட்டுவிட்டேன், மன்னிச்சுக்குங்க என்றாள் ரெனிஷா. மன்னிக்க என்ன இருக்கிறது, சாமான் போனால் சரி என்றார்கள். ஊரில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் அவளை வாழ்த்தினார்கள். கிருபாராணியின் மாமியார் போனில் அவளைத் தங்கம் என்றார். மருமகளாகி இத்தனை வருஷத்தில் கிருபாராணிக்குக் கிடைக்காத பட்டம் அது.

நவம்பரில் ரெனிஷா மறுபடியும் கிளம்பப் போவதாகச் சொன்னாள். இந்தத் தடவை கிறிஸ்துமஸ், புது வருஷம், அடுத்துத் தை மாதக் கல்யாணங்கள். கொடுத்து அனுப்ப எல்லோரிடமும் ஏதாவது இருந்தது. காமிரா, வீடியோ காமிரா, லேப்டாப்கூட வந்தது. தைலமும் சோப்பும் கொண்டு வந்தவர்களிடம் மட்டும், வெயிட் ஏறிடும், அடுத்த தடவை கண்டிப்பா என்று கன்னத்தைத் தட்டி அனுப்பினாள்.

கீழ்வீட்டு ஓவியா தன் ஆரத்தைக் கொடுத்தாள்.

ஓவியா கோபிசெட்டிபாளையத்துப் பெண். அவளுடைய தங்கைக்குத் தையில் கல்யாணம். அந்த ஆரம் அவர்கள் வீட்டில் பெண்களுக்கென்று இருந்த ஒரே பெரிய நகை. மூத்தவள் கல்யாணத்துக்கு அவள் போட்டுக்கொள்வது, இளையவள் கல்யாணத்துக்கு அது திரும்பி வருவது என்பது பெற்றவர்கள் பேசிவைத்த ஏற்பாடு. கிரீன் கார்டு வேலை பாதியில் நிற்பதால் ஓவியாவும் அவள் கணவன் செழியனும் கல்யாணத்துக்குப் போக முடியாது. அக்கா வராத கல்யாணத்துக்கு ஆரமாவது வர வேண்டும். போன வருஷமாக இருந்தால், கோபிப் பக்கம் போகிற குடும்பமாகப் பார்த்து கிருபாராணி ஏற்பாடு செய்திருப்பாள். இந்த வருஷம் ஓவியா அவளிடம் கேட்கவே இல்லை. கொடுத்த பிறகுதான் மாடிப்படியில் பார்த்தபோது சொன்னாள், அதுவும் கண்ணைப் பார்க்காமல்.

அந்த வாரம்தான் மாமியார் போன் பண்ணினார். அந்தத் தங்கப் பொண்ணு மறுபடி வருதாமே என்று ஆரம்பித்தார். கிருபாராணி பல்லைக் கடித்துக்கொண்டு உம் கொட்டினாள். இந்தத் தடவை தபாலில் போடாமல் நேரில் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல் என்றார் மாமியார். போன தடவை பார்சலில் ஒட்டியிருந்த அமெரிக்கா ஸ்டாம்புக்காகப் பேரப்பிள்ளைகள் அடித்துக்கொண்டார்களாம்.

"அமெரிக்கா ஸ்டாம்பா அத்தை?"

"ஆமா, ஒரு குருவிப் படம். ஏன் கேக்க?"

மெட்ராஸில் கொரியரில் போட்ட பார்சலில் அமெரிக்கா ஸ்டாம்ப் எப்படி வரும்? அப்படியானால் அவள் ஊருக்கே போகவில்லையா? ரெனிஷாவின் மேல் குறை கேட்கக் காத்திருந்த காது என்பதால் அது விழுந்தது. அன்பாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் குருவி ஒரு குருவி மட்டும்தான்.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று எல்லோரும் பயந்த ஒய்டூகே வேலையில் சாந்தகுமார் தலை நிமிராமல் இருந்த நேரம் அது. அவள் சொன்னதைப் பாதிதான் கேட்டான். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, எந்தப் பார்சலைச் சொல்கிறாரோ என்றான். அவள் விடவில்லை. அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"ராணி, மறுபடி முந்திரிக்கொத்துக் கதையை ஆரம்பிக்காத."

ஓவியாவிடம் போனாள். ஓவியா டீ போட்டுக் கொடுத்தாள், முழுக்கக் கேட்டாள், கடைசியில் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, உங்களுக்கு மனசு கஷ்டம்னு எனக்குத் தெரியுது. அடுத்த தடவை உங்ககிட்டயே குடுக்கறேன்."

அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மாடி ஏறும்போது கிருபாராணிக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை ஓவியா சொல்வதுதான் சரியோ? தன் வயிற்றெரிச்சல்தான் குருவி வடிவத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறதோ? அன்றைக்குத்தான் இந்தக் கதையின் முதல் வரியில் இருக்கும் கேள்வியை அவள் என்னிடம் கேட்டாள்.

ஹூஸ்டனில் அவளுடைய பெரியப்பா மகனின் மனைவி இருந்தாள். மைனி என்று கூப்பிடுவாள். அவளுக்குப் போன் போட்டது உண்மையைத் துப்பறிய அல்ல. ரெனிஷாவை வாய் வலிக்கும் வரை திட்ட ஒரு காது வேண்டும், அதுவும் ரெனிஷாவைத் தெரியாத காதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டைத் திட்டினாள், புடவையைத் திட்டினாள், தலை சாய்ப்பதைத் திட்டினாள். மைனி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"பார்சலை வாங்கினா போதும் மைனி, இடுப்புல தூக்கி வச்சுக்கிடுவா, பெத்த பிள்ளையாட்டம்."

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"பிள்ளையைக் கொண்டு போற மாதிரி கொண்டு போறேன்னு சொல்லுவாளா?" என்றாள் மைனி.

ஹூஸ்டனில் அவள் பெயர் ஷ்யாமளா. அங்கே பெரிய பொட்டு, தலை நிறையப் பூ, கோயில் பஜனையில் பாட்டு. சொந்த ஊர் சேலம். எல்லோருடைய சாமானையும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவள் திரும்பவே இல்லை. சாமானும் போய்ச் சேரவில்லை.

"யாருமே சந்தேகப்படலையா?"

"ராமாத்தாள் அக்கான்னு ஒருத்தங்க, கோயில் சமையலெல்லாம் அவங்கதான் பாப்பாங்க. அவங்க மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. இவ வந்ததுல அவங்களுக்குப் பொறாமைன்னு நாங்க காதுலயே வாங்கல."

பிறகு ஏன் மற்ற ஊர்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டாள் கிருபாராணி. படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள், இப்படி ஏமாந்தோம் என்று எப்படி வெளியே சொல்வது, கேவலமில்லையா என்றாள் மைனி.

போனை வைத்ததும் கிருபாராணி சாந்தகுமாரிடம் சொன்னாள். பெயர் வேறு, மதம் வேறு, ஊர் வேறு, பொட்டலத்தை இடுப்பில் வைத்தாள் என்பதற்காக ஒருத்தியைத் திருடி என்று சொல்ல முடியுமா என்றான். அவன் கேட்டது நியாயம்தான். ஹூஸ்டன் மைனியே வந்து சொன்னாலும், ராணியின் சொந்தக்காரிதானே என்பார்கள். விமானம் அடுத்த சனிக்கிழமை. ஆரம் ரெனிஷாவின் கையில் இருக்கிறது. சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பது உறுதி. அப்படியானால் சொல்லாமல் செய்வது எப்படி?

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அது நம் ஆட்களுக்கு மட்டுமே புரியும் வழி.

ஃபெலோஷிப்பில் அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்றாள். கூட்டம் கொஞ்சம் விறைத்தது. சாந்தகுமார் தரையைப் பார்த்தான். முந்திரிக்கொத்து விஷயத்தில் ரெனிஷாவைப் பற்றித் தான் சொன்னது பொய், அதற்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள். யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு சொன்னாள்.

"நமக்காக இவ்வளவு சுமக்குறா. நம்ம பொண்ணை டாக்சியில தனியா அனுப்புறது நல்லாவா இருக்கு? எல்லாரும் ஏர்போர்ட் போய், பிளைட் வாசல் வரைக்கும் நின்னு அனுப்பிட்டு வரலாம்."

அப்போதெல்லாம் வழியனுப்ப வருகிறவர்களும் விமானத்தின் வாசல் வரைக்கும் போகலாம். ஊருக்குப் போகிறவர்களைக் கூட்டமாகப் போய் ஏற்றிவிடுவது நமக்கு மரியாதை. அதை வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? தன் வேனைக் கொண்டு வருவதாக கிரிஸ் உடனே சொன்னான். அவன்தான் ஃபெலோஷிப்பில் வண்டி ஓட்டுகிற வேலையெல்லாம் பார்ப்பவன். வேண்டாமே, எதுக்குச் சிரமம் என்று ரெனிஷா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவள் சொல்லச் சொல்ல எல்லோருடைய பிடிவாதமும் கூடியது. ரெனிஷாவின் சிரிப்பு மாறவில்லை. கண் மட்டும் ஒரு தடவை கதவுப் பக்கம் போய் வந்தது. அதைப் பார்த்தவள் ஒருத்திதான், வழக்கம் போல.

சனிக்கிழமை காலையில் வேன் போய் நின்றபோது ரெனிஷா இரண்டு கனத்த பெட்டிகளோடு கீழே தயாராக நின்றாள். தோளில் ஒரு கைப்பை. நகையெல்லாம் அதில்தான் என்று தட்டிக் காட்டினாள். வேனில் வழியெல்லாம் பாட்டு. அவளும் சேர்ந்து பாடினாள். சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் சிங்கப்பூர் விமானத்துக்கான வரிசை நீளமாக நின்றது. பெட்டிகளை வண்டியில் ஏற்றி கிரிஸும் சாந்தகுமாரும் வரிசையில் தள்ளிக்கொண்டு போனார்கள். வரிசை பாதி நகர்ந்தபோது, ரெஸ்ட்ரூம் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றாள் ரெனிஷா. கைப்பை தோளில் இருந்தது.

"நானும் வாரேன்" என்றாள் கிருபாராணி.

உள்ளே வேறு யாரும் இல்லை. ரெனிஷா குழாயைத் திறந்து நிதானமாகக் கை கழுவினாள். கண்ணாடியில் பார்த்தபடியே, "என்ன அக்கா?" என்றாள்.

"கவுன்டர்ல உன் டிக்கெட்டைக் காட்டு. காட்டிட்டா அங்கேயே உன் கால்ல விழுதேன்."

ரெனிஷா பேப்பரில் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "இப்பவே கத்துங்க அக்கா. எல்லாரும் ஓடி வருவாங்க. வந்து உங்களைத்தான் சமாதானப்படுத்துவாங்க."

கிருபாராணி கத்தவில்லை. அது உண்மை என்று அவளுக்குத் தெரியும்.

"எந்த ஊருக்குப் போனாலும் உங்களை மாதிரி ஒருத்தங்க இருப்பாங்க," என்றாள் ரெனிஷா, ஏதோ சமையல் குறிப்புச் சொல்வது போல. "எல்லாருக்கும் எல்லாம் செய்யறவங்க. யார் என்ன குடுத்தாங்க, எங்க போச்சுன்னு கேக்கக் கூடியவங்க அவங்க மட்டும்தான். நான் முதல்ல அவங்களைத்தான் தேடுவேன். அவங்க செய்யறதையே கொஞ்சம் நல்லா செய்வேன். அவ்வளவுதான் என் வேலை. மீதியை அவங்களே பாத்துக்குவாங்க."

இத்தனை மாதமும் எரிந்த வயிறு, நின்றுபோன போன், தொண்டையில் இறங்காத சோறு, எல்லாம் இவள் போட்ட கணக்கு. தன் பொறாமைகூடத் தன்னுடையது இல்லை, இவள் அடுப்பில் வைத்துப் பதமாகக் காய்ச்சியது.

"என் ஆரத்தைக் குடுங்க அக்கா" என்றது இன்னொரு குரல்.

வாசலில் ஓவியா நின்றாள். இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிடுமோ என்று பயந்து பின்னாலேயே வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. கையை நீட்டியபடி அசையாமல் நின்றாள். அவள் குரல் உயரவில்லை.

ரெனிஷா அவளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து துணிச் சுருக்குப்பையை எடுத்து ஓவியாவின் கையில் வைத்தாள். மற்றவர்கள் கொடுத்த இரண்டு மோதிரத்தையும் ஒரு சங்கிலியையும் கேட்காமலேயே எடுத்து வைத்தாள். பிறகு தலைமுடியைச் சரி செய்துகொண்டு இருவருக்கும் நடுவில் புகுந்து போனாள். போகிற போக்கில் கிருபாராணியின் தோளைத் தொட்டாள்.

"முந்திரிக்கொத்துக்குப் பாகு இன்னும் கொஞ்சம் முத்தணும் அக்கா. நீங்க அவசரப்பட்டு இறக்கிடறீங்க."

இருவரும் வெளியே வந்து மற்றவர்களைக் கூப்பிட்டு, கிரிஸ் ஓடித் தேடியபோது அவள் கூட்டத்தில் கலந்துவிட்டிருந்தாள். பெட்டிகளை வரிசையை விட்டு இழுத்து வந்து திறந்தார்கள். போர்வையில் சுற்றிய பழைய டெலிபோன் டைரக்டரிகள், அடுக்கடுக்காக. காமிராக்களும் லேப்டாப்பும் எப்போதோ வேறு வழியில் போயிருந்தன. அவை திரும்பவே இல்லை. ஏர்போர்ட் போலீஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். அவளுடைய உண்மையான பெயர் என்ன என்றார்கள். அது யாருக்கும் தெரியவில்லை.

திரும்பும்போது வேனில் பாட்டு இல்லை. ஓவியா கிருபாராணியின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அடுத்த வாரம் ஃபெலோஷிப்பில், நடந்தது நம்மோடு இருக்கட்டும், வெளியே தெரிந்தால் நமக்குத்தான் அசிங்கம் என்று பெரியவர் ஒருவர் ஆரம்பித்தார். பல தலைகள் ஆடின. கிருபாராணி எழுந்தாள். ஹூஸ்டனில் அசிங்கம் என்று வாயை மூடியதால்தான் அவள் சன்னிவேலுக்கு வந்தாள், நாம் மூடினால் இன்னோர் ஊருக்குப் போவாள் என்றாள். இந்தத் தடவை யாரும் குறுக்கே பேசவில்லை. ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த ஊர்களுக்குப் போன் போடுவதாக ஒத்துக்கொண்டார்கள்.

பெயரைச் சொல்லித் தேடிப் பயனில்லை, அது மாறிவிடும். அடையாளத்தைச் சொல்லிப் பயனில்லை, பொட்டு வரும், போகும். கிருபாராணி வேறொன்று கேட்டாள். ஜனவரியில் நியூஜெர்சி எடிசனில் இருக்கும் வேலுமணிக்குப் போன் போட்டாள். சாந்தகுமாரோடு கல்லூரியில் படித்தவன் அவன். உங்கள் ஊருக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாளா, எல்லோருக்கும் ரொம்பப் பிடித்தவளாக, என்று கேட்டாள். ஆமாம் என்றான், நன்றாகப் பாடுவாளாம். ஊருக்குப் போகிறாளா என்றாள். அடுத்த மாதம் என்றான்.

"அவளைப் பிடிக்காதவங்க யாராவது இருக்காங்களா? பொறாமைன்னு நீங்க எல்லாரும் சிரிக்கிற ஆள்?"

வேலுமணி சிரித்தான். "அந்த ஆள் எங்க வீட்லயேதாங்க இருக்கு. என் சம்சாரம்."

"போனை அவங்ககிட்ட குடுங்க" என்றாள் கிருபாராணி.

போன் கை மாறியது. பிறகு அந்தப் பெண் கேட்டாள். "நான் சொன்னா நீங்க நம்புவீங்களா?"

"நம்புறதுக்குத்தாம்மா போன் பண்ணினேன்."

அடுத்த ஈஸ்டருக்கு கிருபாராணி முந்திரிக்கொத்துப் பாகை இன்னும் கொஞ்சம் முற்ற விட்டு இறக்கினாள். டப்பா முழுக்கக் காலியானது. இந்தத் தடவைதான் பிரமாதம் என்று சாந்தகுமார் சொன்னபோது அவளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. அது இன்னும் அணையவில்லை என்று அவளே சொல்கிறாள்.

முதலில் கேட்ட கேள்விக்கு எனக்கு இப்போதும் முழுப் பதில் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். எடிசனில் அந்த மாதம் யாருடைய சாமானும் தொலையவில்லை. ஆனால் ரெனிஷா என்று வந்தவள் இன்னும் எங்கேயோ, யாருடைய பொட்டலத்தையோ இடுப்பில் வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் இதோடு நிறுத்திவிடாதீர்கள். டல்லாஸ், சான் ரமோன், சிகாகோ என்று எங்கே உங்களுக்கு ஆள் இருந்தாலும் போன் போட்டு இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, உங்கள் ஊரில் யாரைப் பொறாமைக்காரி என்று ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் போனை அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.